சுடாத ஒளியும் சிகிச்சையும்

லேசர் என்றதும் இரும்பை அறுக்கும் கதிரும் கண் சத்திரசிகிச்சையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், தோலைச் சுடாமலும் வெட்டாமலும் நோவைத் தணிக்கும் லேசரும் உண்டு. அதனைக் குறைந்த வலு லேசர் சிகிச்சை என்பர்.

ஒளியை மருந்தாக்கும் எண்ணம் புதிதன்று. தோலில் ஏற்படும் காசநோய்க்குச் செறிவான ஒளியால் சிகிச்சையளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் பின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். 1960இல் தியோடர் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். 1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் என்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், மயிர் மழிக்கப்பட்ட எலிகள் மீது வலுக் குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளில் மயிர் விரைவாக முளைத்தது. பின்னர், ஆறாத புண்களுக்கும் அவர் இம்முறையைப் பயன்படுத்தினார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? நமது கலங்களுக்குச் சக்தியை வழங்குவது இழைமணி என்பதை விஞ்ஞானப் பாடத்தில் கற்றிருக்கிறோம். இழைமணியிலுள்ள சைற்றோகுரோம் சீ ஒட்சிடேசு என்னும் நொதியம் சிவப்பு ஒளியையும் அதற்கு அண்மித்த செந்நிறக்கீழ் ஒளியையும் உறிஞ்சுகிறது. இதனால் சக்தி உற்பத்தி தூண்டப்பட்டு, பாதிக்கப்பட்ட கலங்கள் தம்மைச் சீர்செய்ய உதவி கிடைக்கிறது என்பதே ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். இதற்குப் பெரும்பாலும் 600 முதல் 1000 நனோமீற்றர் வரையான அலைநீளமுள்ள ஒளியே பயன்படுகிறது.

இச்சிகிச்சையின் பயன் தெளிவாகத் தெரிவது புற்றுநோயாளரிடத்தில்தான். புற்றுநோய்க்கான மருந்துகளும் கதிர்வீச்சும் வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குகின்றன. வாயின் உட்புறக் கலங்களும் அவ்வாறு பிரிபவையே. எனவே வாயெல்லாம் புண்ணாகி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்குவதும் வேதனையாகிவிடும். சிலருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையையே இடைநிறுத்த நேரிடும். இப்புண்களைத் தடுக்கவும் ஆற்றவும் இந்த ஒளி உதவுவதற்குப் போதிய சான்று உண்டென 2018இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார வழிகாட்டல் நிறுவனம் அறிவித்தது. கழுத்து வலி பற்றி 820 பேரை உள்ளடக்கிய 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வும் நல்ல பலனைக் காட்டியது.

ஆயினும், எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. நாரி வலிக்கு இதன் பயன் இன்னும் உறுதியாகவில்லை. அளவும் முக்கியம். ஒளி குறைந்தால் பலன் இராது; கூடினால் கிடைத்த பலனும் குன்றிவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ஒளிக்கும் பொருந்துகிறது. லேசர் ஒளி கண்ணின் விழித்திரையைப் பாதிக்கக் கூடுமாதலால் சிகிச்சையின்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயமாகும். புற்றுக்கட்டி உள்ள இடத்தின் மீது மருத்துவரின் தீர்மானமின்றி இதனைப் பாய்ச்சக் கூடாது.

இன்று முடி வளரவும் முகம் பொலியவும் எனச் சிவப்பு ஒளிக் கருவிகள் பல விற்பனைக்கு வருகின்றன. பெற்றோரே, மாணவிகளே! வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நோய்க்கு? எந்த அலைநீளம், எவ்வளவு நேரம்? இதற்குச் சான்று என்ன? இவற்றுக்கு நேரான விடை தர இயலாதவரிடம் பணத்தைக் கொடுப்பதைவிட ஒரு வைத்தியரிடம் ஆலோசனை பெறுவதே மேல். பாடசாலையில் கற்கும் விஞ்ஞானம் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடாமல் வீட்டாரின் உடல்நலத்தையும் காக்க வேண்டும்.