டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். தூத்துக்குடி வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது, பாத்ரூம் டைல்ஸும் வந்து இறங்கிவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். சோப்பு, ஷாம்பு வைக்கத் தட்டு எங்கே என்று கேட்டேன். குடிபோன பிறகு கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்கிறான். வேண்டாம்மா. அப்போது டைல்ஸில் ஓட்டை போட வேண்டிவரும். உள்ளே போட்ட வாட்டர்புரூஃப் பூச்சும் அதோடு போகும். சுவருக்குள் குழாய் எந்தப் பக்கம் போகிறதென்றும் யாருக்கும் நினைவிருக்காது.

என்னைக் கேட்டால், சுவரிலேயே ஒரு மாடம் வைத்துவிடு. 9 அங்குலச் சுவராகப் பார்த்து வை. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைக் குடைய விடாதே. ஆழம் 4 அங்குலம் போதும். உன் டைல்ஸ் 2 அடிக்கு 1 அடி அல்லவா, அதைப் படுக்கைவாக்கில் ஒட்டப்போகிறாய் என்றால் ஒரு வரிசையின் உயரமே மாடத்தின் உயரம். பெரிய பாட்டிலும் நிற்கும். விளிம்பு டைல்ஸ் இணைப்போடு நேராக வந்து சேர்ந்தால் துண்டு துண்டாக வெட்டி ஒட்ட வேண்டியிருக்காது. நீ ஆசைப்படுகிற அழகு அதிலேயே வந்துவிடும்.

அடியில் ஒரே துண்டாகக் கிரானைட் போடச் சொல். கடப்பா விலை குறைவுதான். ஆனால் அது சுண்ணாம்புக்கல், உப்புக்கறை எடுக்க ஆசிட் ஊற்றினால் அரித்துவிடும். கல் பதிக்கும்போது பக்கத்தில் நின்று பார். வெளிப்பக்கம் லேசாக வாட்டம் இருக்க வேண்டும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் உள்மூலையில் சொட்டுகூடத் தங்கக் கூடாது. தங்கினால் சோப்பு கொழகொழவென்று ஊறும், இணைப்பெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை ஏறும். மாடத்துக்குள்ளும் வாட்டர்புரூஃப் அடித்த பிறகே டைல்ஸ் ஒட்டட்டும். அந்தக் குறுகிய இடத்தைத்தான் வேலையாட்கள் விட்டுவிடுவார்கள்.

மாடி பாத்ரூமில் ஷவர் என்பதால் 4 அடி உயரத்தில் வைக்கலாம். கீழே அப்படிச் செய்துவிடாதே. ஆச்சி முக்காலியில் உட்கார்ந்து வாளியில் மொண்டு குளிப்பவர். தலையில் சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் சோப்பு அகப்பட வேண்டும்; எழுந்து தேடினால் ஈரத்தரையில் வழுக்கும். அங்கே 2 அடி உயரமே சரி. ஆச்சியை ஒருநாள் அழைத்துப்போய் உட்காரவைத்து, கை போகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்.

வாஷ்பேசின் பக்கம் டவல் வைக்க ஸ்டீல் தட்டு வாங்குவாய். 202 தரம் நம் கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். 304 கேள். 316 கிடைத்தால் விடாதே, அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும்.

டைல்ஸ் ஒட்டுமுன் எல்லாச் சுவரையும் அளவு டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வை. டவல் தட்டு மாட்ட வருகிறவருக்குக் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டிவிடலாம். கொத்தனார் சுவரைக் குடைகிற அன்று சொல்லு, நானும் வந்து நிற்கிறேன்.

உன் பெரியப்பா