கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும்

துப்பறியும் தொடர்களுக்கு விமர்சனம் எழுத வரும் இளையவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு அத்தியாயத்தில் தேறியது எது, தேறாதது எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பொதுவாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். அதனால் ஒரே ஒரு அத்தியாயத்தை வைத்துப் பேசுகிறேன். அமெரிக்காவின் 'கொலம்போ' தொடரில் வந்த 'மர்டர் பை தி புக்'. 1971 செப்டம்பர் 15 அன்று என்பிசி ஒளிபரப்பியது. எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்; அப்போது அவருக்கு வயது 24.

கதை இதுதான். கென் ஃபிராங்க்ளின், ஜிம் ஃபெரிஸ் இருவரும் சேர்ந்து 'மிசஸ் மெல்வில்' என்ற துப்பறியும் நாவல் வரிசையை எழுதிப் பெயர் பெற்றவர்கள். உண்மையில் எழுதுவது ஜிம் மட்டும். கென் பேட்டி கொடுப்பார், கூட்டத்தில் சிரிப்பார், பணத்தைச் செலவழிப்பார். ஜிம் தனியாக எழுதப் போகிறேன் என்கிறார். கென் அவரைச் சான் டியாகோ பக்கம் உள்ள தன் மரவீட்டுக்கு அழைத்துப் போய், அங்கிருந்தே மனைவிக்குத் தொலைபேசியில் பேசவைத்து, அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லவைத்து, பேச்சின் நடுவே சுட்டுவிடுகிறார். லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் கொலை நடந்ததாக மனைவி நம்புகிறாள். இனி என் அறிவுரைகள்.

1. இரண்டு முறை பாருங்கள். முதல் முறை காகிதம், பேனா எதுவும் வேண்டாம். எங்கே உங்கள் மனம் பதறியது, எங்கே அலைந்தது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாம் முறை அந்த இடங்களுக்கு மட்டும் போய், ஏன் என்று கேளுங்கள். காட்சி வரிசைப்படி குறிப்பெடுப்பவன் கடைசியில் கதைச் சுருக்கம்தான் எழுதுவான்.

2. அத்தியாயம் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கொலையாளி யாரென்று கடைசியில் சொல்லும் கதை ஒரு வகை. தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, அவன் எப்படி மாட்டுவான் என்று காத்திருக்கவைப்பது இன்னொரு வகை. ஆங்கில எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃபிரீமேன் 1912-இல் வெளியிட்ட 'தி சிங்கிங் போன்' கதைகளில் இந்த இரண்டாம் வகையைச் செய்து காட்டினார். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் கொலம்போவை உருவாக்கியது அந்த வழியில்தான். 'கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டது, சுவாரசியம் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். பந்தயத்தின் விதி தெரியாமல் ஆட்டத்தைத் திட்டுவது அது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

3. தொடக்கத்துக்குக் காது கொடுங்கள். இந்த அத்தியாயத்தின் பெரிய பலம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கார் நகரத் தெருவில் வருகிறது. இசை இல்லை, தெருவின் இரைச்சலும் இல்லை. தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது. சன்னல் வழியே காமிரா உள்ளே நகரும்போது, மேலே ஒருவன் தன் வேலையில் மூழ்கித் தட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. கீழே வருபவன் கொல்லப்போகிறவன், மேலே இருப்பவன் சாகப்போகிறவன். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், யார் உழைக்கிறான், யார் அந்த உழைப்பில் கார் ஓட்டுகிறான் என்பது புரிந்துவிடுகிறது. இசையமைப்பாளர் பில்லி கோல்டன்பெர்க் பிறகு அந்தத் தட்டச்சுச் சத்தத்தையே இசைக்குள் கொண்டுவருகிறார். ஒளிப்பதிவு ரஸ்ஸல் மெட்டி. 'ஸ்பார்டகஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய மூத்தவர். 24 வயதுப் பையனும் அந்த மூத்தவரும் சேர்ந்து வாரத் தொலைக்காட்சிக்காக இப்படி ஒரு தொடக்கத்தை எடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. 'ஒளிப்பதிவு அருமை, இசை அருமை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். அருமை என்பது எந்த நொடியில், எதைச் சொல்ல உதவியது என்று எழுதுங்கள்.

4. துப்பறிபவர் எப்போது வருகிறார், எப்படி வருகிறார் என்று பாருங்கள். கொலம்போவின் முதல் வருகை அலுவலகத் தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய் அருகே. ஜிம்மின் மனைவி ஜோவானா தண்ணீர் குடிக்கக் குனிந்து நிமிர்கிறாள். பக்கத்தில் கசங்கிய மேல்கோட்டோடு ஒரு மனிதர் நிற்கிறார். பிறகு அவளை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, அவள் சமையலறையிலேயே ஆம்லெட் போட்டுத் தருகிறார். விசாரணையும் நடக்கிறது, பரிவும் நடக்கிறது, எது எங்கே முடிகிறது என்று சொல்லமுடியாது. கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க்கின் முழுத் திறமையும் அந்தச் சமையலறையில் இருக்கிறது.

5. தடயம் சின்னதாக இருந்தால் மதிப்பு அதிகம். பிணத்தைக் காரில் கொண்டுவந்து தன் வீட்டு வாசல் புல்வெளியிலேயே போட்டுவிட்டு, அதிர்ந்தவன்போல் போலீசை அழைக்கிறான் கென். காத்திருந்த நேரத்தில் தபாலைப் பிரித்துப் படித்திருக்கிறான். கூட்டாளி செத்துக் கிடக்கும்போது மின்சார பில்லையும் விளம்பரத் தாளையும் யார் பிரிப்பான்? அதேபோல், நண்பன் சுடப்பட்டான் என்று கேட்டவன் விமானத்தில் பறந்து வராமல் காரிலேயே நிதானமாக வந்தது ஏன்? இந்த இரண்டும் பூதக்கண்ணாடித் தடயங்கள் அல்ல. மனிதர்கள் துக்கத்தில் எப்படி நடப்பார்கள் என்று தெரிந்தவர் மட்டுமே பார்க்கக்கூடியவை. விமர்சனம் எழுதும்போது இப்படிப்பட்ட ஒன்றையாவது பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். எழுதியவன் அதற்காக எத்தனை இரவு விழித்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

6. குறை போலத் தெரிவதெல்லாம் குறையா என்று நின்று யோசியுங்கள். வழியில் கடை நடத்தும் லில்லி லா சாங்கா, ஜிம்மைக் காரில் பார்த்துவிட்டாள். பணம் கேட்கிறாள். கென் அவளோடு சிரித்துப் பேசி, ஷாம்பெயின் பாட்டிலால் அடித்துக் கொன்று, பிணத்தை ஏரியில் தள்ளிவிடுகிறான். முதல் கொலையின் நேர்த்தி இதில் கொஞ்சமும் இல்லை. எழுத்தாளர் சோர்ந்துவிட்டாரோ என்று முதல் முறை பார்த்தபோது எனக்கும் தோன்றியது. பிறகுதான் புரிந்தது: அந்த நேர்த்தியின்மையே தடயம். முதல் கொலை ஒரு தேர்ந்த மூளையின் திட்டம். இரண்டாவது கென்னுடைய சொந்தச் சரக்கு. கொலம்போ இப்படி ஊகிப்பதுதான் கதையின் முதுகெலும்பு.

ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். கொலைகாரன் என்று தெரிந்தவனோடு, மிரட்டிப் பணம் கேட்ட பிறகு, தனியாக உட்கார்ந்து சிரித்துப் பேசுவாளா ஒருத்தி? காகிதத்தில் இது நிற்காது. பார்பரா கோல்பி அந்தப் பெண்ணின் தனிமையையும் ஆசையையும் முகத்தில் காட்டியதால் திரையில் நிற்கிறது. எழுத்தின் ஓட்டையை நடிப்பு அடைத்த இடம் என்று இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் நியாயம்.

7. முடிவைக் கண்டிப்போடு எடைபோடுங்கள். இந்த அத்தியாயத்தின் உண்மையான பலவீனம் இங்கே. ஜிம்மின் பழைய காகிதங்களில் ஒரு கதைக் குறிப்பு கிடைக்கிறது: ஒருவனை வெளியூருக்கு அழைத்துப் போய், அலுவலகத்தில் இருப்பதாகப் பேசவைத்துச் சுடுவது. கொலம்போ அதை வாசிக்கிறார், கென் ஒப்புக்கொள்கிறான். நீதிமன்றத்தில் ஒரு சாதாரண வக்கீல் இதை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். துப்பறியும் நாவலாசிரியர்களின் அறையில் கொலைத் திட்டம் எழுதிய காகிதம் கிடப்பதில் என்ன அதிசயம்?

ஒப்பிட்டுப் பார்க்க, அதே 1971-இல் வந்த 'சூட்டபிள் ஃபார் ஃபிரேமிங்' அத்தியாயத்தைப் பாருங்கள். அதில் தடயமாகும் ஓவியத்தில் இருப்பது கொலம்போவின் கைரேகை. இப்போதுதான் பதிந்தது என்று குற்றவாளி சொல்ல வாயெடுக்கும்போது, அவர் கோட்டுப் பைகளிலிருந்து கைகளை வெளியே எடுக்கிறார், இரண்டிலும் கையுறை. வழக்கு அங்கே முடிந்துவிடுகிறது. அதன் முன்னால் நம் அத்தியாயத்தின் முடிவு மெலிந்துதான் நிற்கிறது.

இருந்தும் கென் ஒப்புக்கொள்ளும் விதம் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. அந்த யோசனை ஜிம்முடையது அல்ல, தன்னுடையது என்கிறான். வாழ்நாளில் தனக்குத் தோன்றிய ஒரே நல்ல கதை அதுதான்; ஜிம் அதைக் குறித்துவைப்பான் என்று அவன் நினைக்கவே இல்லை. எழுதத் தெரியாதவனின் ஒரே கதையை எழுதத் தெரிந்தவன் பாதுகாத்து வைத்திருந்தான். சாட்சியமாக இது பலவீனம். பாத்திரத்தின் முடிவாக இது உச்சம்.

8. நடிகருக்கு உரிய வரியைக் கொடுங்கள். கென்னாக வரும் ஜாக் கேசிடி பின்னாளில் இதே தொடரில் வேறு இரண்டு கொலைகாரர்களாகவும் நடித்தார், 1974-இலும் 1976-இலும். அந்த வெண்பல் சிரிப்பு இல்லாவிட்டால் அந்தக் கடைசி ஒப்புதலுக்கு இத்தனை கனம் வந்திருக்காது.

9. காலத்தின் குறையைக் கதையின் தலையில் கட்டாதீர்கள். கைப்பேசி இல்லாத காலத்துத் தந்திரம் இது. எங்கிருந்து பேசுகிறான் என்று அன்று கேட்பவருக்குத் தெரியாது. அதைப் பழசு என்று ஒதுக்குபவர் தன் அவசரத்தைத்தான் காட்டிக்கொள்கிறார்.

10. தீர்ப்பைத் துணிந்து சொல்லுங்கள். 'நிறையும் உண்டு, குறையும் உண்டு' என்று முடிக்கும் விமர்சனத்தால் யாருக்கும் பயனில்லை. என் தீர்ப்பு: தொடக்கமும் நடுப்பகுதியும் தொலைக்காட்சித் துப்பறியும் கதையின் மிகச் சிறந்த பக்கங்களில் சேரும், குற்றத்தை நிறுவும் இடம் ஒரு படி தாழ்ந்தது, ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்க்கத் தகுந்தது. இதை மறுக்கிறீர்கள் என்றால் மறுத்து எழுதுங்கள். எந்தக் காட்சியில் நான் தவறினேன் என்று மட்டும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.