ஹ்யூமிலிட்டியும் ஓபலெசன்ஸும் ஒரே மேசையில்

நடுவர் பொறுப்புக்கு வரும் அன்புத் தங்கைக்கு,

மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்துக்கு நடுவராகிற எவரும் என்றாவது ஒருநாள் ஹ்யூமிலிட்டி, ஓபலெசன்ஸ் என்ற இரண்டு கார்டுகளைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1997-இல் வந்த ஹ்யூமிலிட்டி, எல்லா உயிரினங்களின் திறன்களையும் பறித்து, அவற்றின் பலத்தையும் தாங்குதிறனையும் 1/1 ஆக்கும். 1999-இல் வந்த ஓபலெசன்ஸ், தன்னையும் ஆரா வகையையும் தவிர்த்து மற்ற என்சான்ட்மென்ட் கார்டுகளை உயிரினங்களாக்கி, அவற்றின் மானா மதிப்பையே பலமாகவும் தாங்குதிறனாகவும் தரும். இரண்டும் சேர்ந்தால் ஹ்யூமிலிட்டியே உயிரினமாகிறது. அப்படியானால் அதன் திறனும் பறிபோகும். திறன் போன பிறகு பறிப்பது யார்?

விடை விதிநூலின் 613ஆம் பிரிவில் இருக்கிறது. தொடர்ந்து நீடிக்கும் விளைவுகள் ஏழு லேயர்களில் வரிசையாகச் செயல்படும். வகை மாறுவது நான்காவதில், திறன் போவது ஆறாவதில், பலம் முடிவாவது ஏழாவதில். ஒரு விளைவு ஒரு லேயரில் தொடங்கிவிட்டால், அதற்குக் காரணமான திறன் இடையில் அழிந்தாலும் மீதி லேயர்களிலும் அது நடந்தே தீரும். ஆகவே ஹ்யூமிலிட்டி தன் திறனையே இழந்த பிறகும் ஏழாவது லேயரில் உயிரினங்களை 1/1 ஆக்குகிறது. அதே லேயரில் ஓபலெசன்ஸும், மானா மதிப்பு நான்கான ஹ்யூமிலிட்டிக்கு 4/4 தருவதால், எது பிறகு களத்துக்கு வந்ததோ அதன் எண் நிற்கும். ஓபலெசன்ஸ் பிந்தியது என்றால் ஹ்யூமிலிட்டி 4/4; முந்தியது என்றால் 1/1.

பிந்தியதே வெல்லும் என்று இதைப் பொதுவிதியாக்கிவிடாதே. பிளட் மூன், அடிப்படை நிலமல்லாத நிலங்களை மலையாக்கும். அர்போர்க், தானும் அடிப்படை நிலமல்லாத ஒரு நிலம்; அது எல்லா நிலங்களையும் கூடுதலாகச் சதுப்பாக்கும். அர்போர்க்கின் விளைவு இருக்குமா என்பதே பிளட் மூனைப் பொறுத்தது என்பதால், எது முதலில் வந்திருந்தாலும் பிளட் மூன்தான் முதலில் செயல்படும். அர்போர்க் வெறும் மலையாக நிற்கும்.

வாதாடும் ஆட்டக்காரரை மதித்துக் கேள். பெரும்பாலும் அவர் பேசுவது கார்டு எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை. உன்னிடம் கேட்கப்பட்டிருப்பதோ அது இப்போது என்ன செய்கிறது என்பது. பழைய கார்டில் அச்சாகியிருக்கும் வாசகத்தை வைத்து அவர் வாதிட்டால், ஆரக்கிள் எனப்படும் இன்றைய அதிகாரபூர்வ வாசகத்தை எடுத்துக் காட்டு. போட்டியில் செல்லுபடியாவது அதுதான்.

அவருடைய வாதம் வீண் என்று பொருளல்ல. விதிகளும் மாறியிருக்கின்றன. மந்திரங்களும் திறன்களும் நடப்பதற்கு முன் வரிசையில் காத்திருக்கும் ஸ்டாக் 1999-இல் வந்தபிறகு, சண்டைச் சேதமும் அதில் ஏறியது. 1/1 உயிரினமான மாக் ஃபனாட்டிக் தன் சேதத்தை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு, உடனே தன்னைப் பலிகொடுத்து இன்னொரு சேதமும் தரும். புதியவர்களுக்குப் புரியாத இந்த வித்தையை 2009-இல் விதியை மாற்றி நிறுத்தினார்கள். சரியான முடிவுதான். ஆனால் 2008-இல் ஒரு நடுவருக்கு அது எவ்வளவு பொருந்தாததாகத் தோன்றியிருந்தாலும், மேசையில் இரண்டு சேதம் என்றுதான் அவர் சொல்லியாக வேண்டும். விதி மாறவேண்டும் என்ற வாதத்தை ஆட்டம் முடிந்தபின் உட்கார்ந்து பேசு. அதில் வெட்கமில்லை.

உன் தீர்ப்பை ஏற்காதவர் தலைமை நடுவரிடம் முறையிடலாம் என்பதை அவர் கேட்கும்முன்பே நீயே சொல்லிவிடு. முறையீடு நடக்கும் நேரத்தைக் குறித்துக்கொள். ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றிருந்தால், அந்த நேரத்தை அவர்களுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.