வீட்டு வலையமைப்பும் தீச்சுவரும்: பொருத்தமான வழிப்படுத்தியைத் தெரிவுசெய்தல்

இப்பாடப் பகுதியைக் கற்ற பின்னர் நீங்கள்,
• தீச்சுவரின் தொழிற்பாட்டை விளக்குவதற்கும்
• வீட்டுக்குப் பொருத்தமான வழிப்படுத்தியைக் காரணங்காட்டித் தெரிவுசெய்வதற்கும்
தேர்ச்சி பெறுவீர்கள்.

1. அறிமுகம்

ஒரு வீட்டில் கணினி ஒன்று, திறன்பேசிகள் மூன்று, தொலைக்காட்சி ஒன்று என ஐந்து சாதனங்கள் இருப்பதாகக் கொள்வோம். இவை யாவும் ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாதனமே வழிப்படுத்தி ஆகும். பேச்சு வழக்கில் இதனை றவுட்டர் என்போம். இது வீட்டு வலையமைப்புக்கும் இணையத்துக்கும் இடையிலுள்ள வாயிலாகும். அவ்வாயிலில் காவல் செய்யும் பகுதியே தீச்சுவர்.

வழிப்படுத்தி வாங்கும்போது பலர் விலையையும் வேகத்தையும் மட்டுமே பார்க்கின்றனர். எனினும் வாயில் அகலமாக இருந்தாலும் காவல் இல்லையெனில் பயனில்லை என்பதை நினைவிற் கொள்க.

2. தீச்சுவர் எவ்வாறு தொழிற்படுகின்றது?

தரவுகள் சிறு பொதிகளாகவே வலையமைப்பிற் பயணிக்கின்றன. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநரின் முகவரி, பெறுநரின் முகவரி, எச்சேவைக்குரியது என்பதைக் காட்டும் துறை எண் ஆகியன உள்ளன.

(அ) பொதி வடிகட்டல்: முகவரியையும் துறை எண்ணையும் விதிகளுடன் ஒப்பிட்டுப் பொதியை அனுமதித்தல் அல்லது மறுத்தல்.

(ஆ) நிலையறி பரிசோதனை: உள்ளிருந்து சென்ற கோரிக்கைகளைத் தீச்சுவர் ஓர் அட்டவணையிற் குறித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்க ஒரு தளத்தைத் திறந்தால், அத்தளத்தின் பதில் மட்டும் உள்ளே வரும். எவரும் கேளாமல் வெளியிலிருந்து வரும் பொதி மறுக்கப்படும். இது (அ) முறையிலும் சிறந்தது.

(இ) வலையமைப்பு முகவரி மாற்றீடு: வீட்டுச் சாதனங்கள் 192.168 எனத் தொடங்குவது போன்ற தனியார் முகவரிகளைப் பெறும். வெளியே செல்லும்போது அவை ஒரே பொது முகவரியாக மாற்றப்படும். இதனால் உட்சாதனங்கள் மறைந்திருப்பினும் இது தீச்சுவருக்கு மாற்றீடு அன்று. ஐ.பி. பதிப்பு 6 இல் ஒவ்வொரு சாதனமும் தனக்கெனப் பொது முகவரியைப் பெற முடியும். அங்கு தீச்சுவரே காவல்.

3. தெரிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. உற்பத்தியாளர் தொடர்ந்து மென்பொருள் இற்றைப்படுத்தல் வழங்குகின்றாரா? இதுவே முதன்மையானது. இற்றைப்படுத்தல் நின்றுபோன மலிவான பழைய சாதனத்தில் பின்னர் கண்டறியப்படும் குறைபாடுகள் திருத்தப்படுவதில்லை.
2. ஐ.பி. பதிப்பு 4, பதிப்பு 6 ஆகிய இரண்டுக்கும் நிலையறி தீச்சுவர் உள்ளதா?
3. கம்பியில்லா இணைப்புக்கு டபிள்யூ.பி.ஏ.3, குறைந்தது டபிள்யூ.பி.ஏ.2 குறிமுறையாக்கம் உள்ளதா? பழைய டபிள்யூ.ஈ.பி. முறையின் பலவீனம் 2001 இலேயே வெளிப்படுத்தப்பட்டது. அதனைப் பயன்படுத்தலாகாது.
4. டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவைக்க முடியுமா? இதன் 8 இலக்க எண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுகின்றது. இறுதி இலக்கம் ஏனைய இலக்கங்களிலிருந்து கணிக்கப்படுவது. எனவே ஊகிக்க வேண்டிய எண்ணிக்கை 10 கோடி அன்று; 10,000 + 1,000 = 11,000 மட்டுமே. இக்குறைபாடு 2011 இல் வெளியானது.
5. விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பை அமைக்க முடியுமா?

4. ஓர் உண்மை நிகழ்வு

2016 இல் மிராய் என்னும் தீம்பொருள் பரவியது. அது கடினமான உத்தி எதனையும் கையாளவில்லை. தொழிற்சாலையில் இடப்பட்ட ஏறக்குறைய 60 பயனர்பெயர், கடவுச்சொற் சோடிகளை ஒவ்வொன்றாக முயன்றது. கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்கள், வழிப்படுத்திகள் என்பன இலட்சக்கணக்கில் அதன் வசமாயின. 2016 ஒக்டோபர் 21 அன்று இவற்றைக் கொண்டு ஆள்களப் பெயர் சேவை நிறுவனமொன்று தாக்கப்பட்டதால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலரால் அடைய முடியவில்லை. தம் வீட்டுச் சாதனம் பிறரைத் தாக்குவதை உரிமையாளர் பலர் அறிந்திருக்கவில்லை.

எனவே வழிப்படுத்தியைப் பொருத்திய அன்றே செய்ய வேண்டியவை:
• நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுக.
• மென்பொருளை இற்றைப்படுத்துக.
• இணையத்திலிருந்து நிர்வகிக்கும் வசதியை நிறுத்துக.

சேவை வழங்குநர் தந்த வழிப்படுத்திக்கும் இவை பொருந்தும். புதியது வாங்க முன்னர் உள்ளதைப் பரிசோதியுங்கள். செலவின்றியே பாதுகாப்புக் கூடலாம்.

5. தீச்சுவரால் இயலாதவை

போலி மின்னஞ்சலிலுள்ள இணைப்பை நீங்களே சொடுக்கினால், கோரிக்கை உள்ளிருந்து செல்வதால் தீச்சுவர் பெரும்பாலும் அதனை அனுமதிக்கும். நச்சுநிரலுள்ள பேனாச் செலுத்தியைக் கணினியிற் செருகினால் அது வாயில் வழியாக வரவேயில்லை. ஆகவே நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் உங்கள் கவனமும் அவசியம்.

மாதிரி வினாக்கள்

1. கேளாமல் வரும் பொதிகளை, சென்ற கோரிக்கைகளின் அட்டவணையைக் கொண்டு இனங்காண்பது,
(1) ஆளி (2) மோடெம் (3) நிலையறி தீச்சுவர் (4) குவியன்

2. கடையில் இரு வழிப்படுத்திகள் உள்ளன. ‘அ’ வேகம் கூடியது, இற்றைப்படுத்தல் நிறுத்தப்பட்டுள்ளது. ‘ஆ’ வேகம் சற்றுக் குறைந்தது, இற்றைப்படுத்தல் தொடர்கின்றது. வீட்டுக்கு எதனைப் பரிந்துரைப்பீர்? காரணம் தருக.

விடைகள்
1. (3)
2. ‘ஆ’. புதிதாகக் கண்டறியப்படும் குறைபாடுகள் அதில் திருத்தப்படும். ‘அ’ இல் அவை திருத்தப்படாது இருப்பதால் வலையமைப்பிலுள்ள எல்லாச் சாதனங்களும் ஆபத்துக்குள்ளாகலாம்.

குறிப்பு: “பாதுகாப்பானது” என்று மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது. காரணத்தையும் எழுதுக.