ஆண்டு முழுவதும் வீட்டைப் பேணுதல்

நெசவாளருக்கு வீடு உறைவிடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் அதுவே. கூரை ஒழுகினால் பாவு நனையும். தறிக்குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். உழவருக்கோ வீடே களஞ்சியம். விதை நெல் அங்குதான் இருக்கிறது. ஆதலால் வீட்டைச் செப்பனிடும் செலவைத் தொழிலுக்குரிய செலவாகவே நாம் கருதவேண்டும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி மிகுதியாக வேண்டப்படும் காலமும் அதுவே. அப்போது ஓடு ஒழுகினால் கொத்தனார் கிடைப்பது அரிது. முன்பணம் வாங்கிக் கடனில் சிக்கவும் நேரும். அந்தந்த வேலையை உரிய மாதத்தில் முடிப்பதே இதற்கு வழி.

சித்திரை முதல் ஆனி வரை: கோடை மழை பெய்யும்போது ஒழுகும் இடங்களைக் கரியால் குறித்துக்கொள்க. வெயில் வந்தபின் உடைந்த ஓடுகளை மாற்றி, ஓட்டு வரிசைகளில் அடைந்த சருகை நீக்குக. கூரைமேல் ஏறுவோர் பலகையிட்டு அதன்மீது நடத்தல் வேண்டும். ஆடி பிறந்தால் உழவருக்கு விதைப்பு. நெசவாளருக்கோ தீபாவளி வேலை நெருங்கும். ஆகவே கூரை வேலையை ஆனிக்குள் முடித்தல் நலம்.

ஆடி முதல் புரட்டாசி வரை: ஆடிக்காற்றில் நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்க. வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து வெளிநோக்கிச் சரிந்திருக்கவேண்டும். வடிகாலைத் தூர் வாருக. தறிக்குழியின் விளிம்பை ஒரு சாணேனும் உயர்த்திக் கட்டுக.

ஐப்பசி, கார்த்திகை: நூலையும் விதை மூட்டையையும் தரையில் வையாது, பலகைமீது, சுவரைத் தொடாமல் வைக்க. ஈரம் பட்டால் இரும்பு அச்சு துருவேறி நூலில் கறை படியும்; கஞ்சியிட்ட பாவில் பூஞ்சை பிடிக்கும். வெயில் கண்டபோதெல்லாம் சன்னல்களைத் திறந்து வைக்க. சுவர் நனைந்திருக்கையில் அதிலுள்ள மின் விசைகளைத் தொடலாகாது.

மார்கழி: பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் சுவர் உலர்ந்ததா எனப் பார்த்துப் பாசியைச் சுரண்டுக. நீற்றிய சுண்ணாம்பை ஓரிரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டிச் சிறிது கஞ்சி சேர்த்தால் நன்கு பற்றும். சுண்ணாம்பு கண்ணில் படாமல் காத்துக்கொள்க.

தை முதல் பங்குனி வரை: சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருந்தால் சுண்ணாம்புக் காரையே பூசுக. பழைய மண்சுவர்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். கரையான் மண்கோடு தெரிந்தால் தட்டிவிட்டு, அது தொடங்கும் இடத்தைத் தேடுக. மரச்சட்டங்களுக்கு வேப்பெண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ தடவலாம்.

சென்னை, காஞ்சிபுரம், கடலூர் வட்டாரங்களில் 2015இல் நேர்ந்தது போன்ற பெருவெள்ளத்தை இவை தடுத்துவிடா. ஆயினும் ஆண்டுதோறும் வரும் மழைக்கு இவையே காப்பு.

ஒரு தெருவில் பத்து வீட்டார் கூடி ஓடும் சுண்ணாம்பும் ஒருங்கே வாங்கினால் வண்டிக்கூலி குறையும். ஒருவர் கூரைக்கு மற்றவர் கைகொடுத்தால் ஆட்கூலியும் மிஞ்சும். திங்கள்தோறும் ஒரு சிறு தொகையைச் சங்கத்தில் வீட்டுக்கென்றே சேமித்து வருவோமாக. சித்திரையில் மாற்றும் ஓர் ஓடு, ஐப்பசியில் ஒரு பாவைக் காக்கும்.