வாக்குச்சீட்டில் எழுதப்பட்ட வரி

நுழையும்முன்

மக்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பர். அப்பிரதிநிதிகள் கூடிச் சட்டம் இயற்றுவர். நாம் அறிந்த மக்களாட்சி நடைமுறை இதுவே. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதனோடு இன்னொரு வழியும் உண்டு. அங்கு மக்களே ஒரு சட்டத்தை முன்மொழிந்து, வாக்களித்து நிறைவேற்றலாம். அவ்வழியில் கலிபோர்னியா மக்கள் 1978இல் எடுத்த ஒரு முடிவு, அம்மாநிலத்தின் வரவு செலவை எவ்வாறு மாற்றியது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மக்கள் பெற்ற உரிமை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னிய அரசியலில் சதர்ன் பசிபிக் என்னும் இரயில்வே நிறுவனம் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. அதன் பிடியைத் தளர்த்துவதாக வாக்குறுதி அளித்து, ஹைரம் ஜான்சன் 1910ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுநரானார். (அங்கு ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர்.) சட்டத்தை முன்மொழியும் உரிமை 1911இல் மக்களுக்குக் கிடைத்தது. முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டுக்கு இணையான கையொப்பங்களைத் திரட்டினால் ஒரு சட்ட முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வரும். அரசமைப்பைத் திருத்துவதற்கு 8 விழுக்காடு வேண்டும். அவ்வாறு நிறைவேறிய அரசமைப்புத் திருத்தத்தைச் சட்டமன்றம் தானாக மாற்ற இயலாது; மீண்டும் மக்களிடமே செல்ல வேண்டும். இந்த ஒரு விதியை நினைவிற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தவை விளங்கும்.

1978ஆம் ஆண்டின் சினம்

1970களில் கலிபோர்னியாவில் வீடுகளின் விலை விரைந்து ஏறியது. சொத்து வரி சந்தை மதிப்பைப் பின்பற்றியமையால் வரியும் உடன் ஏறியது. வீட்டின் விலை இருமடங்கானதால் ஓய்வூதியம் இருமடங்காகிவிடவில்லை. விற்கும் எண்ணமே இல்லாத முதியவர்கள், தாம் வாழும் வீட்டின் விலை உயர்ந்ததற்காகக் கூடுதல் வரி செலுத்த நேர்ந்தது. அவர்களது அச்சம் நியாயமானது. சட்டமன்றமோ ஆண்டுக்கணக்கில் விவாதித்தும் காலத்தில் ஒரு தீர்வை அளிக்கவில்லை. கருவூலத்தில் உபரி நிதி குவிந்திருந்தமை மக்களின் சினத்தை மேலும் வளர்த்தது.

ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் ஆகிய இருவர் முன்னெடுத்த 13ஆம் முன்மொழிவு, 1978 சூன் 6 அன்று ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்குகளைப் பெற்று வென்றது. சொத்து வரி மதிப்பீட்டில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மதிப்பீடு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. சொத்து கைமாறும்போது புதிய விலையில் மதிப்பிடப்படும். இவற்றோடு, மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தின் மூன்றில் இரு பங்கு ஒப்புதல் தேவை என்னும் விதியும் அதில் இருந்தது. வரிச்சுமையால் வருந்தியவர்கள் முதற்பகுதிக்கே வாக்களித்தனர் எனலாம். ஆயினும் நெடுங்காலம் ஆட்சியை இறுக்கியது இறுதியாகச் சொன்ன விதியே.

அதிகாரம் இடம்பெயர்ந்தது

உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. கோடைக்காலப் பள்ளி வகுப்புகள் பல இடங்களில் நிறுத்தப்பட்டன. நூலகங்கள் திறந்திருக்கும் நேரம் சுருங்கியது. முன்மொழிவை எதிர்த்த ஆளுநர் ஜெர்ரி பிரவுனே பின்னர் அதைச் செயற்படுத்தும் பொறுப்பை ஏற்றார். மாநில அரசு முதலாண்டில் 400 கோடி டாலருக்கு மேல் உள்ளாட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் வழங்கியது. பணம் கொடுக்கும் கையே முடிவெடுக்கும் கையாகவும் மாறுவது இயல்பு. தம் ஊர்ப் பள்ளிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை ஊரார் தீர்மானித்த நிலை மங்கி, தலைநகர் சாக்ரமென்டோவின் சொல் ஓங்கியது. அரசை எளியதாக்க விரும்பியவர்களின் வாக்கு, அதிகாரத்தைத் தலைநகரில் குவித்தது.

அண்டை வீட்டாரின் வரி

சொத்து கைமாறும்போதே மறுமதிப்பீடு என்னும் விதி வேறொரு விளைவையும் தந்தது. லாஸ் ஏஞ்சல்சில் ஒரு பெண்மணி 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கினார். அவருக்கு விதிக்கப்பட்ட வரி ஏறத்தாழ 1,700 டாலர். அதே குடியிருப்பில், அதைப் போன்ற வீட்டை 1975 முதல் வைத்திருந்த சிலர் அதில் ஐந்தில் ஒரு பங்களவே செலுத்தினர். தெருவிளக்கும் தீயணைப்பு வண்டியும் இருவருக்கும் பொதுவே. அவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நெடுநாள் குடியிருப்போர் வரியின் நிச்சயத்தை நம்பி வாழ்வதைக் காக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

மருந்துக்கு மருந்து

நிதி இழந்த பள்ளிகளைக் காக்க மற்றொரு முன்மொழிவே தேவைப்பட்டது. 1988இல் நிறைவேறிய 98ஆம் முன்மொழிவு, மாநிலப் பொதுநிதியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் உறுதிப்படுத்தியது. நோக்கம் நல்லது. எனினும் வரவை ஒரு வாக்கெடுப்பு கட்ட, செலவை மற்றொன்று கட்டியது. இடையில் நின்ற சட்டமன்றத்துக்கு அசையும் இடம் குறைந்தது. பொருளாதாரத் தேக்கம் சூழ்ந்த 2009இல், வரவு செலவுத் திட்டத்தில் உடன்பாடு எட்டப்படாமையால் மாநில அரசு பணத்துக்குப் பதிலாக, ‘பின்னர் தருவோம்’ என்னும் உறுதிச்சீட்டுகளை வழங்கும் நிலைக்கு வந்தது.

மறு ஆண்டு ஒரே நாளில் மக்கள் இரு முன்மொழிவுகளை ஏற்றனர். 25ஆவது, வரவு செலவுத் திட்டத்தை எளிய பெரும்பான்மையால் நிறைவேற்றலாம் என்றது. 26ஆவது, பலவகைக் கட்டணங்களுக்கும் மூன்றில் இரு பங்கு ஒப்புதல் வேண்டும் என்றது. செலவிடுவது எளிதாயிற்று, ஈட்டுவது கடினமாயிற்று. ஒவ்வொன்றையும் தனித்துக் காண இரண்டும் அறிவுடைய செயல்களே. வாக்குச்சீட்டு ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் விடையை மட்டும் கேட்கிறது. ‘இதற்கு ஈடாக எதை விடுவீர்?’ என்று அது கேட்பதில்லை.

இக்குறையை ஓரளவு போக்கும் ஏற்பாடு ஒன்றும் அங்குண்டு. சார்பற்ற சட்டமன்ற நிதி ஆய்வாளர் ஒவ்வொரு முன்மொழிவின் நிதி விளைவையும் கணித்து எழுத, அது வாக்காளர் கையேட்டில் அச்சிடப்படுகிறது. வணிகச் சொத்துகளைச் சந்தை விலையில் மதிப்பிடக் கோரிய 15ஆம் முன்மொழிவு 2020இல் வந்தபோது, ஆண்டுக்கு 650 முதல் 1,150 கோடி டாலர் வரை கிடைக்கக்கூடும் என்று கையேடு கூறியது. பெரும்பாலான வணிகச் சொத்துகளை மட்டுமே தொட்ட அம்முன்மொழிவும் ஏறத்தாழ 52 விழுக்காட்டினரின் எதிர்ப்பால் தோற்றது. 1978இன் விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

கற்பவை கற்றபின்

ஒரே தெருவில் ஒரே அளவிலான இரு வீடுகள். ஒன்றின் 1975ஆம் ஆண்டு மதிப்பு 40,000 டாலர், அது கைமாறவில்லை. மற்றொன்று 1988இல் 1,70,000 டாலருக்கு விற்கப்பட்டது. 13ஆம் முன்மொழிவின்படி 1988இல் இரண்டுக்கும் உரிய உச்ச வரியைக் கணக்கிடுக. முதல் வீட்டில் வாழும் முதியவராகவும் இரண்டாம் வீட்டை வாங்கிய இளையவராகவும் இருவர் நின்று, இவ்வரி முறை குறித்து வகுப்பில் உரையாடுக.