தேற்றத்தைப் படிக்க எந்த வழி?

மூங்கில்துறைப்பட்டிலிருந்து திருவண்ணாமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ பஸ் ஏறிப் போய் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே ஒரு மலைப்பு வரும். அதுவரை கணக்கென்றால் விடை காண்பது. இங்கே ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா, டோப்பாலஜி என எதைத் தொட்டாலும் தேற்றமும் நிரூபணமும்தான். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் வீட்டு வேலையும் சேர்ந்துகொண்டால், படிக்கக் கிடைப்பது இரவில் ஒன்றிரண்டு மணி நேரம். அதை எந்த வழியில் செலவிடுவது?

நோட்ஸை மனப்பாடம் செய்வது பலரும் எடுக்கும் வழி. பத்து மார்க் கேள்விக்கு அது உதவும். தேற்றத்தில் ஒரு நிபந்தனையை மாற்றி 'இது சரியா, தவறா' என்று நெட் தேர்வில் கேட்டால் கைவிட்டுவிடும். ஆனாலும் வரையறைகளை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். வரையறை தெரியாமல் நிரூபணத்தின் முதல் வரிகூட வராது.

புத்தகத்தை வரிவரியாகப் படிப்பது இதைவிட மேல். ஆனால் ஒவ்வொரு வரியும் சரி என்று தலையாட்டிக்கொண்டே கடைசி வரி வரை போய்விடலாம். அந்த வரி ஏன் அங்கே வந்தது என்பது பிடிபட்டிருக்காது. எந்தப் புத்தகம் என்பதும் முக்கியம். 1953-ல் முதற்பதிப்பு வந்த ரூடினின் ரியல் அனாலிசிஸ் நூல் அழகானது, சுருக்கமானது. யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. தனியாகப் படிப்பவர் அஜித் குமாரும் குமரேசனும் எழுதிய ரியல் அனாலிசிஸ் நூலில் தொடங்கி, பிறகு ரூடினுக்குப் போகலாம்.

மூன்றாவது வழியைத்தான் நான் முழு மனதோடு சொல்வேன்: படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நீங்களே எழுதுவது. எழுதி முடித்ததும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இரு முனைகளும் சேர்ந்த இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது என்ற தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். வரம்பில்லை என்று வைத்தால், சார்பின் அளவு 1-ஐத் தாண்டும் புள்ளி, 2-ஐத் தாண்டும் புள்ளி என்று ஒரு தொடர்வரிசை கிடைக்கும். போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றப்படி அதிலிருந்து ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் உட்தொடர்வரிசையை எடுக்கலாம். முனைகள் சேர்ந்திருப்பதால் அந்தப் புள்ளி இடைவெளிக்குள்ளேயே இருக்கும். அங்கே சார்பு தொடர்ச்சியானது. ஆகவே மதிப்புகளும் குவிய வேண்டும். ஆனால் அவை எல்லை மீறி வளர்கின்றன. முரண்பாடு.

இப்போது 0 என்ற முனையை எடுத்துவிட்டு, 0-க்கு மேல் 1 வரை, 1-ஐ அந்தந்த எண்ணால் வகுக்கும் சார்பைப் பாருங்கள். அது வரம்பில்லாதது. நிரூபணம் எங்கே உடைந்தது? புள்ளிகள் 0-ஐ நோக்கிப் போகின்றன, 0 இடைவெளியில் இல்லை. உடையும் வரியைக் காட்டத் தெரிந்துவிட்டால், அந்தத் தேற்றம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது.

எழுதிப் பார்ப்பது தொடக்க நிலை மாணவருக்கு மட்டுமான வேலையில்லை. பழைய வடஆற்காடு மாவட்டத்துத் தண்டரையில் 1932-ல் பிறந்து கிராமப் பள்ளியில் படித்த எம்.எஸ். நரசிம்மன், சென்னை லயோலாவில் ரசின் பாதிரியாரிடம் கணிதம் கற்று, 1953-ல் சி.எஸ். சேஷாத்ரியோடு பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே வெளிநாட்டுக் கணிதர்கள் நடத்தும் பாடங்களை மாணவர்களே முழுமையாக எழுதி நூலாக்குவார்கள். லோரான் ஷ்வார்ட்ஸின் ஒரு பாடத் தொடருக்குக் குறிப்பெழுதியவர் நரசிம்மன். பிரெஞ்சு ஆசிரியர் கரும்பலகையில் காட்டியதைத் தன் கையால் இடைவெளியின்றி எழுதிய அந்தப் பயிற்சிதான், 1965-ல் வெளிவந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்துக்கு அடித்தளமிட்ட படிப்புகளில் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

அந்தத் தேற்றத்தையே டொனால்ட்சன் 1983-ல் வகையீட்டு வடிவியல் வழியாகப் புதிதாக நிரூபித்தார். ஒரே உண்மைக்கு இரண்டு நிரூபணங்கள் கிடைக்கும்போது இரண்டையும் படியுங்கள். எந்தக் கருத்து இரண்டிலும் வருகிறது, எது ஒன்றில் மட்டும் வருகிறது என்று பார்த்தால் தேற்றத்தின் உயிர்நாடி தெரியும். நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் முக்கியமான தேற்றங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

என்.பி.டெல் காணொளிகள் இலவசம். நல்ல ஆசிரியர் அருகில் இல்லாத ஊரில் அவை பெரிய உதவி. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் புரிந்ததுபோல் ஒரு நிம்மதி வந்துவிடும். அடுத்த வரியை ஆசிரியர் எழுதுமுன் காணொளியை நிறுத்தி நீங்கள் எழுதிப் பார்த்தால்தான் பலன்.

பஸ்ஸில் கூட வரும் வகுப்புத் தோழிக்கோ தோழனுக்கோ விளக்கிச் சொல்வது, மூடிவைத்து எழுதுவதற்கு அடுத்தபடியாக நான் வைக்கும் வழி. கேட்பவர் வரிக்கு வரி 'ஏன்?' என்று மட்டும் கேட்டால் போதும்.

பரீட்சைக்கு ஒரு வாரமே இருக்கிறதென்றால் எல்லாத் தேற்றங்களையும் இப்படிப் படிக்க முடியாது. வரையறைகள் அத்தனையும், ஒவ்வொரு அலகிலும் இரண்டு தேற்றங்களை மூடிவைத்து எழுதுவது, மற்றவற்றுக்கு நிரூபணத்தின் திருப்பம் எந்த வரியில் என்ற ஒற்றைக் குறிப்பு: இந்த வரிசையில் படியுங்கள். விட்டவற்றை விடுமுறையில் எடுங்கள். அடுத்த பருவத்துப் பாடம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.